கெடாத கம்ப்யூட்டரும் கர்னலும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பார்த்து இரக்கப்பட்ட மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவர் கர்னல். கெட்டுப்போன பொருளைக் கண்டால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். கர்னலுக்கு முகம் மலர்ந்துவிடும். பழுதில்லாத பொருளைக் கண்டால்தான் அவருக்குத் துக்கம். எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு ஃபேன் பல வருஷமாகச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் நாள் உள்ளே நுழைந்தவர் அதை அண்ணாந்து பார்த்து, “பாவம், எதுக்கு சுத்தறோம்னே தெரியாம சுத்திக்கினு கீது” என்றார். மதியத்துக்குள் அது மேஜைமேல் உறுப்பு உறுப்பாகக் கிடந்தது. சாயங்காலம் மறுபடி சுவரேறியது. அன்று முதல் அது எங்களை விட்டுவிட்டுச் சுவருக்குக் காற்று வீசியது.

“நல்ல பாடம் கத்துக்கிட்டேன் மேடம்” என்றார் கர்னல், கையைத் துடைத்துக்கொண்டு. அடுத்து வந்த கோடை முழுவதும் எங்கள் ஆபீஸில் சுகமாக இருந்தது சுவர் மட்டும்தான்.

நான் அப்போது ஜவ்வாது மலையில், காவலூர் போகிற ரோட்டோரம் இருந்த ஒரு மகளிர் குழுவில் மேனேஜர். மேனேஜர் என்றதும் சுழல் நாற்காலியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கணக்கு எழுதுவது, போன் எடுப்பது, வருகிறவர்களுக்கு டீ போடுவது எல்லாம் சேர்ந்த பதவி அது. மலைக் கிராமத்துப் பெண்கள் விளைவிக்கிற சாமை, தினை, வரகை வாங்கி, உமி நீக்கி, பாக்கெட் போட்டு விற்பது எங்கள் வேலை. குழுவின் தலைவி மல்லிகா அக்கா. ஐம்பது வயதுக்காரி. காலையில் நிலத்தில் களை பறித்துவிட்டு, கால் கழுவி, பத்து மணிக்குத் தலைவியாகிவிடுவார்.

பெங்களூரில் ஏதோ கம்பெனி தன் பழைய கம்ப்யூட்டர்கள் ஐந்தை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தது. தானம் கொடுத்தவர்கள் உள்ளே இருந்ததை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். சுவிட்ச் போட்டால் எரியும், அவ்வளவுதான். காசு கொடுத்து உள்ளே சிஸ்டம் வாங்கிப் போட எங்களுக்கு வசதி இல்லை. “கணியம்பாடில ஒருத்தர் கீறார். பெங்களூர்ல பெரிய வேலைல இருந்தவரு. இப்ப அப்பாவோட நெலத்த பாத்துக்கறார். கூப்ட்டா வந்து சும்மாவே போட்டுத் தருவார்” என்றார் பஸ் கண்டக்டர். அப்படித்தான் அமிர்தி காட்டு வழியாக, ஒரு பழைய டிவிஎஸ் மொபெட்டில், முதுகில் பையோடு கர்னல் மலையேறி வந்தார்.

அவருடைய உண்மையான பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற பகுதிக்கு ‘கெர்னல்’ என்று பெயராம். நம்மவர் ஒரு வாக்கியத்தில் மூன்று முறை அதைச் சொல்வார். மலையில் அது ‘கர்னல்’ ஆகி, பிறகு அவருக்கே பெயராகிவிட்டது. வந்தது வினை. எங்கள் குடோன் காவலாளி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கர்னலின் மொபெட் சத்தம் கேட்டாலே விறைத்து நின்று ஒரு சல்யூட் அடிப்பார். கர்னலும் மரியாதைக்குத் தலையாட்டுவார். ஒருநாள் காவலாளி அவரை ஓரமாக அழைத்துப் போய், “சார், மிலிட்டரி கேன்டீன்ல உங்க கோட்டா சும்மாதான கெடக்கும்? ஒரு பாட்டிலு கெடைக்குமா?” என்று கேட்டார்.

“ஐயோ, நான் அந்தக் கர்னல் இல்லீங்க. நான் கம்ப்யூட்டரு.”

“பரவால்லீங்க சார். எந்த ரெஜிமென்ட்டா இருந்தா இன்னா? ரம்மு ஒண்ணுதான?”

இருக்கட்டும். முதல் நாளே கர்னல் எங்களுக்கு முன்னால் ஒரு கேள்வியை வைத்தார். இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டத்துக்கு லினக்ஸ் என்று பெயர். அதில் ஏகப்பட்ட வகைகள் உண்டு. ஆனால் கர்னலைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைதான்.

“ஒண்ணு, கடைல விக்கிற இட்லி மாவு பாக்கெட். பிரிச்சு ஊத்தினா இட்லி. இன்னொண்ணு, அரிசி, உளுந்து, ஆட்டுக்கல்லு. நீங்களே ஊற வெச்சு, நீங்களே ஆட்டி, நீங்களே புளிக்க வெக்கணும். எது வேணும்?”

“எனக்கு இட்லி போதும் சார்” என்றேன்.

“அதான் தப்பு மேடம்!” என்று மேஜையைத் தட்டினார். டீ தளும்பியது.

மல்லிகா அக்கா யோசித்தார். “ரெண்டுத்துக்கும் வெல எவ்ளோ?”

“ரெண்டுமே இலவசம்தான்க்கா.”

“அப்ப மாவு பாக்கெட்டே குடுத்துட்டுப் போயேம்பா. சும்மா வர்றத எதுக்கு ஆட்டிக்கினு?”

கர்னல் அசரவில்லை. “அக்கா, ஒங்க வூட்டு ஏரு ஒடைஞ்சா யாரு சரி பண்றது?”

“எங்க வூட்டுக்காரரு. இல்லன்னா நானு.”

“ஏன் ஒங்களால முடியுது? அத செஞ்சது நீங்க. எந்த மரம், எங்க ஆணி, எல்லாம் தெரியும். மாவு பாக்கெட் கெட்டுப் போனா உள்ள இன்னா கீதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

மல்லிகா அக்கா அதில் விழுந்துவிட்டார். அந்த வாதத்தில் விழாத விவசாயி இருக்க முடியாது. “சரி, கல்லையே போடு” என்றார். இப்படியாக ஜவ்வாது மலையில் ஆட்டுக்கல் லினக்ஸ் வந்து இறங்கியது.

அதைப் போடுவதற்கு ஒரு பருவம் பிடித்தது. ஒவ்வொரு துண்டையும் அதன் மூலத்திலிருந்து அந்த இயந்திரமே தயாரித்துக்கொள்ள வேண்டுமாம். பழைய கம்ப்யூட்டர்கள் இரைந்தன, முனகின, சூடேறின. மலையில் அது பனிக்காலம். காலையில் வேலைக்கு வரும் பெண்கள் நேராக கம்ப்யூட்டர் பெட்டிகளின் பின்பக்கம் போய் வரிசையாக நின்று கை காய்ச்சிக்கொண்டார்கள். உறைந்துபோன தேன் பாட்டில்களை மல்லிகா அக்கா பெட்டிகளின்மேல் அடுக்கிவைத்தார். தேன் அருமையாக இளகியது. “இந்த மெஷினு நல்லாத்தான் வேல செய்யுது” என்று அவர் திருப்திப்பட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் என்பது தேன் இளக்கும் சாதனம் என்று நம்பிய சிலர் அன்று எங்கள் குழுவில் இருந்தார்கள்.

கடைசியில் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கர்னல் சுவிட்சைப் போட்டார். திரை கருப்பாக இருந்தது. அதன் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு விட்டு விட்டு எரிந்தது. கர்னலின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

“கரண்டு போயிடிச்சா?” என்றார் மல்லிகா அக்கா.

“இல்லக்கா. இதான் சிஸ்டம்.”

“படம் ஒண்ணும் இல்லியே?”

“படம் எதுக்குக்கா? நீங்க இன்னா வேணும்னு எழுதுங்க. அது செய்யும்.”

“கண்ணு மட்டும் சிமிட்டுது” என்றார் அக்கா, சந்தேகமாக.

‘மவுஸ்’ வைத்திருப்பது சோம்பேறித்தனம் என்பது கர்னலின் கொள்கை. ஐந்தையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு பில் போட நான் நாலு வரி எழுத வேண்டும். ஒரு புள்ளி தவறினால் அது ஆங்கிலத்தில் என்னைத் திட்டும். ஒரே மாதத்தில், எதிரில் இருக்கும் ஆளைப் பார்க்காமல் முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஊருக்குப் போனபோது அம்மா வேப்பிலை அடிக்க ஆள் பார்த்தாள்.

கர்னலுக்கு இன்னொரு பழக்கம். கம்ப்யூட்டர் சொற்களை எல்லாம் தமிழில்தான் சொல்லுவார். நிரலில் இருக்கிற பிழைக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் சொல் இருப்பதால், அவருக்கு அது பூச்சி. கம்ப்யூட்டரில் முழு அதிகாரம் உள்ள பயனர் கணக்குக்கு வேர் என்று பொருள்படும் பெயர் இருப்பதால், அது வேர். போதாதற்கு, குழுவின் மேலிருந்த பாசத்தில் ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் சாமை, தினை, வரகு, ராகி, கம்பு என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஒருநாள் சாமை என்கிற கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. நான் கர்னலுக்குப் போன் செய்தேன். மொபெட் பழுதாகி, அவர் அன்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ‘பழுதாகி’ என்றால், ஓடிக்கொண்டிருந்ததை அவர் பிரித்துவிட்டார் என்று பொருள். மலைப் பாதையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் அவர் கத்தினார். பஸ் முழுக்க விவசாயிகள்.

“இன்னா, சாமை போச்சா? மொத்தமும் போச்சா? ... வேரு கெட்டுடுச்சா பாருங்க! ... வேரு போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, அழிச்சிட்டு புதுசாத்தான் போடணும்! ... வரகு எப்பிடி கீது? ... பூச்சி இருக்கும் மேடம், இந்த வாட்டி எல்லாத்துலயும் பூச்சி கீது, பெங்களூர்லயே சொல்றாங்க!”

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் கூட்டம். மூன்று கிராமத்துக்காரர்கள் சாமைப் பயிரை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். “எந்தப் பூச்சின்னு சொல்லுங்க, மருந்து வாங்கியாறோம்” என்றார் ஒரு பெரியவர். ஒரு அம்மா தலையில் கைவைத்து ரோட்டிலேயே குந்திவிட்டார். கர்னல் நடுங்கிப்போய் ஆளாளுக்கு விளக்கினார். “பூச்சி ஒங்க சாமைல இல்லீங்க, இந்த சாமைல” என்று டப்பாவைத் தட்டிக் காட்டினார். டப்பாவுக்குள் பூச்சி எப்படிப் போனது என்று அவர்கள் கேட்க, அவர் மூடியைக் கழற்றிக் காட்ட, உள்ளே நிஜமாகவே ஒரு கரப்பான்பூச்சி இருந்தது. கூட்டம் சமாதானமாகிக் கலைந்தது.

“பேரு வெக்க ஒனக்கு வேற பேரே கெடைக்கலியாபா?” என்று மல்லிகா அக்கா கேட்டார். அன்றே ஐந்துக்கும் நம்பர் போடப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த மனிதரை ஏன் விரட்டவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் வராத நாளில் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் மொபெட் சத்தம் கேட்டதும் உமி புடைக்கிற பெண்கள் “வந்துட்டாருடி” என்று சிரிப்பார்கள். அவருக்கென்று ஒரு தட்டில் களியும் கீரையும் தனியாக எடுத்துவைத்திருப்பார்கள். அவர் சம்பளம் வாங்கவில்லை. பெட்ரோலுக்குக் கொடுத்தால்கூட வாங்க மாட்டார். சாப்பாட்டை மட்டும் மறுத்ததே இல்லை.

சிரிப்பு நின்றது ஒரே ஒரு நாள்தான்.

சென்னையில் சிறுதானியக் கடைகள் நடத்துகிற ஒரு அம்மா எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னார். எங்கள் சரக்கு அவருக்குப் பிடித்திருந்தது. அந்த வருஷ விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொள்ளத் தயார். ஒரே நிபந்தனை: பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஊர்ப் பெயர், எடை, தேதி போட்டுத் தமிழில் லேபிள் வேண்டும், கேட்ட நிமிஷத்தில் பில் வேண்டும். எங்களால் அது முடியுமா என்று நேரில் பார்க்க வருகிறார். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து குடோன் நிறைந்து கிடந்தது. இவர் எடுத்துக்கொள்ளாவிட்டால், வழக்கமான வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். பெண்கள் அன்று காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் காட்டு மல்லி வைத்துக்கொண்டு வந்தார்கள். தினைப் பாயசம் கொதித்தது.

முந்தின நாள் மாலை வரை லேபிள் சரியாக வந்துகொண்டிருந்தது. நன்றாக ஓடுகிறது என்பதைக் கர்னல் கவனித்துவிட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை. “விருந்தாளி வர்றப்ப வூட்டுக்கு வெள்ளையடிக்கற மாதிரி” என்று சொல்லி, நாங்கள் போனபிறகு ஐந்துக்கும் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

சென்னை அம்மா வந்தார். பாயசம் சாப்பிட்டார். “ஒரு லேபிள் போட்டுக் காட்டுங்களேன்” என்றார். நான் எழுத வேண்டியதை எழுதினேன். பிரிண்டர் உறுமி ஒரு தாளைத் துப்பியது. சாமை அரிசி என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்தது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

“இது எந்த மொழி?” என்று அந்த அம்மா மரியாதையாகக் கேட்டார்.

கர்னல் மேஜைக்கு அடியில் போய்விட்டார். “பத்து நிமிஷம்” என்று அவருடைய குரல் மட்டும் வந்தது. அடுத்த மெஷினில் எழுத்து வந்தது, பிரிண்டர் வரவில்லை. அதற்கடுத்ததில் கண் மட்டும் சிமிட்டியது. பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகு நேரம் கழித்து அந்த அம்மா எழுந்தார். “அவசரமில்லை. அடுத்த மாசம் இந்தப் பக்கம் இன்னொரு குழுவைப் பார்க்க வர்றேன். அதுக்குள்ள தயாரானா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். அவர் நல்லவர். அதனால்தான் இன்னும் வலித்தது.

கர்னல் மேஜைக்கு அடியிலிருந்து தூசியோடு வெளியே வந்தார். “கண்டுபுடிச்சிட்டேன்! எழுத்துரு தேடற எடம் மாறிப்போச்சு, அவ்ளோதான்...” என்று ஆரம்பித்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினார்.

மல்லிகா அக்கா குரலை உயர்த்தவில்லை. “கர்னலு, கெட்டுப்போறதும் சரி பண்றதும் ஒனக்கு சந்தோசம். நீ சந்தோசமா இருந்தா எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனா இவளுங்க இந்த சாமைய மழைல நின்னு வெளைய வெச்சாளுங்கபா.”

கர்னல் பையை மாட்டிக்கொண்டு போனார். அவருக்காக எடுத்துவைத்த தட்டு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை.

எனக்கு பில் போட வழி தெரியவில்லை என்பது ஒரு பக்கம். தட்டை எடுத்துவைப்பதா வேண்டாமா என்று பெண்கள் தினமும் என்னைக் கேட்டது இன்னொரு பக்கம். “வா, போய் இட்டுனு வரலாம்” என்று மல்லிகா அக்கா கிளம்பிவிட்டார். இருவரும் பஸ் பிடித்துக் கணியம்பாடி போய், வழி கேட்டு, அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

வீட்டு முன்னறையில் அவருடைய மனைவி கஸ்தூரி தையல் கடை வைத்திருந்தார். அன்றுதான் அவரை முதல்முறையாகப் பார்க்கிறோம். “வாங்க வாங்க, மலைலேர்ந்தா வர்றீங்க? இவரு நெலத்துக்குப் போய்க்கிறாரு. வந்துடுவாரு. ஒரு வாரமா மொகத்த தூக்கி வெச்சிக்கினு கீறாரு. பம்ப்பு செட்டக்கூட பிரிக்கல, அவ்ளோ கவலை” என்றார்.

அப்போதுதான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரைக் கவனித்தேன். திரையில் வெள்ளைக் கோடு இல்லை. மேகமும் தென்னந்தோப்புமாக ஒரு படம். அதன்மேல் பெரிய பெரிய பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் தமிழ் எழுத்து. ‘அளவு’, ‘ஜாக்கெட் டிசைனு’, ‘பில்லு போடு’, ‘பாட்டு கேளு’. மேஜைமேல் சிவப்பு நிறத்தில் ஒரு மவுஸ் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

“இது... யார் போட்டுக் குடுத்தது?” என்றேன்.

“இவருதான். மொதல்ல அந்தக் கருப்புத் திரையத்தான் போட்டாரு. ‘ஒண்ணு அது இந்த வூட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்’னு சொன்னேன். ரெண்டு நாளு யோசிச்சாரு மனுசன்! அப்பறம் இத போட்டுக் குடுத்தாரு.”

மல்லிகா அக்கா அனுமதி கேட்கவில்லை. மவுஸைப் பிடித்தார். ‘பில்லு போடு’ என்பதை அமுக்கினார். பில் வந்தது. ஆட்டுக்கல்லோடு நான் ஒரு பருவம் முழுக்கப் போராடிச் செய்ததை, கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத அக்கா மூச்சுவிடும் நேரத்தில் செய்துவிட்டார். “ஹை!” என்றார். மறுபடி அமுக்கினார். கஸ்தூரி பெயருக்கு வரிசையாக ஜாக்கெட் பில்கள் வந்து குவிந்தன.

மண்வெட்டியோடு, முழங்கால் வரை சேறோடு, கர்னல் வாசலில் வந்து நின்றது அப்போதுதான். எங்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். சின்ன வீடு வைத்திருப்பது தெரிந்துபோனவர் மாதிரி முகம் வெளிறிவிட்டது.

“இன்னாபா இது? மாவு பாக்கெட்டு?” என்றார் அக்கா.

“ஆமாக்கா.”

“வூட்ல ஒண்ண வெச்சிக்கினு எங்களுக்கு ஏன்பா கல்ல குடுத்த?”

கர்னல் மண்வெட்டியைச் சாய்த்துவைத்தார். சேற்றைக் கழுவப் போகிறவர் போலத் திரும்பினார். எங்களைப் பார்க்காமலே நின்றார். “அது கெடவே கெடாதுக்கா” என்றார்.

“கெடலன்னா நல்லதுதான?”

“கெடலன்னா என்னிய எதுக்குக் கூப்புடுவீங்க?”

கஸ்தூரிதான் பேசினார். “நெசம்தான். இது வந்து இத்தினி வருசத்துல ஒருவாட்டி கூட நான் இவர கூப்ட்டதில்ல. பக்கத்துல வந்து குந்திக்கினு, ‘எதுனா பிரச்சினையா, எதுனா பிரச்சினையா’ன்னு கேப்பாரு. ஒண்ணும் இல்லன்னா மொகம் சுருங்கிப் போவும். பெங்களூர்ல இவரு ஒரு பெரிய சிஸ்டம் செஞ்சாரு. ரொம்ப நல்லா செஞ்சாரு. அது தானா ஓட ஆரம்பிச்சதும், இனிமே ஆளு வேணாம்னு அனுப்பிட்டாங்க.”

நாங்கள் நினைத்ததுபோல நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஊர் திரும்பியவர் இல்லை. நான் குவிந்து கிடந்த ஜாக்கெட் பில்களை அடுக்க ஆரம்பித்தேன். மல்லிகா அக்காவுக்கு அந்தச் சங்கடம் எப்போதும் கிடையாது.

“இதுக்கா கர்னலு? ஒண்ணு நெனச்சிப் பாரு. எங்க ஆபீஸ்ல டெய்லி களி கெளர்றது ஒனக்கா, இந்த மெஷினுக்கா? கெளம்பி வாபா. கால கழுவிக்கினு வா.”

கர்னல் மறுநாளே வந்தார். மாவு பாக்கெட் லினக்ஸை முதல் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்தார். அடுப்பில் வைத்த சோறு கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. “அவ்ளோதானா?” என்று கேட்டு, தானே அவமானப்பட்டுக்கொண்டார். ஆனால் சும்மா விடுவாரா? உள்ளே இருந்த தமிழைப் படித்துப் பார்த்தார். ‘செயலைத் தொடர விருப்பமா’ என்று அது கேட்டது. “இப்பிடி யாருக்கா பேசறாங்க?” என்று எரிச்சலானார். பொத்தான்களுக்கு எல்லாம் என்ன பெயர் வைப்பது என்று உமி புடைக்கும் பெண்களிடமே போய் உட்கார்ந்தார்.

அதுபோல ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு மதியம் சண்டை நடந்தது. எழுதியதைச் சேமிக்கும் பொத்தானுக்கு ‘எடுத்து வை’ என்று முடிவானது. தூக்கிப் போடும் இடம் ‘குப்பமேடு’. வேண்டாம் என்றால் ‘வுட்டுடு’. அது யோசிக்கும்போது ‘இரு, வர்றேன்’ என்று காட்ட வேண்டும். கம்ப்யூட்டரை அணைக்கிற பொத்தானில் ‘வூட்டுக்குப் போலாம்’. எதையாவது அழிக்கப் போனால், ‘நெசமாவா?’ என்று அது கேட்கும். பிழை வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் மல்லிகா அக்கா யாரிடமும் விடவில்லை. அவரே சொன்னார், கர்னல் எழுதினார்: ‘இன்னாவோ ஆயிடிச்சி. கர்னல கூப்புடு.’

அதை எழுதும்போது கர்னல் மூக்கை உறிஞ்சினார். உமித் தூசி என்றார்.

சென்னை அம்மா மறுபடி வந்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. உமி புடைக்கும் பெண்களில் ஒருத்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு பொத்தானை அமுக்கினாள். சாமை அரிசி, ஊர்ப் பெயரோடு, அழகான தமிழில் வெளியே வந்தது. அந்த அம்மா தானும் ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தார். ‘நெசமாவா?’ என்று கேட்டது திரை. அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. அந்த வருஷம் எங்கள் குடோன் காலியானது. வியாபாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது கம்ப்யூட்டரில் மாவு பாக்கெட்டைப் போடக் கர்னல் பென்டிரைவை எடுத்தபோது, மல்லிகா அக்கா தடுத்துவிட்டார். “நாலு எங்களுக்குப் போதும். இது ஒன்னுது. கல்லோ, குழவியோ, இன்னாத்த வேணா போட்டு ஆட்டிக்கோ. கெடுத்துக்கோ. யாரும் கேக்க மாட்டோம்.” கர்னல் அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

நான் பிறகு வேறு வேலை கிடைத்து மலையை விட்டு இறங்கிவிட்டேன். போன மாதம் காவலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், திரும்பும் வழியில் ஆபீஸில் இறங்கினேன். நாலு மெஷின்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாவது குடல் வெளியே தெரிய மேஜை முழுக்கக் கிடந்தது. அதன் நடுவே கர்னல். தலை நரைத்திருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. “வாங்க மேடம், நேத்து இத மொத்தமா காலி பண்ணிட்டேன்!” என்று பூரிப்போடு ஆரம்பித்தார். கெர்னல் என்றார், வேர் என்றார், பூச்சி என்றார். எனக்கு முன்பும் புரிந்ததில்லை; அன்றும் ஒரு சொல்கூடப் புரியவில்லை.

வெளியே கடைசி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதை விட்டால் மலையிலிருந்து இறங்க வேறு வழியில்லை. இன்னொரு தடவை அடித்தது. பிறகு வளைவில் இறங்கிப் போய்விட்டது.

நான் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அப்பறம் இன்னா ஆச்சு சார்?” என்றேன்.